ஊக்கு விழுந்த பெட்டி

"நாள் பூரா செருப்புக்குள்ள கைய வுட்டுட்டு வந்து, அதே கையால வெளக்கு ஏத்துறியா அண்ணி?" என்று என் நாத்தனார் ஒருமுறை கேட்டாள்.

"கையக் கழுவிட்டுத்தான் ஏத்துறேன். நீ வாயக் கழுவிட்டு வா" என்றேன்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கை விட்டு நுனிவரை தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. ஆணி முனை, பசைக் கட்டி, நூல் முடிச்சு எது இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். எல்லாம் குழந்தைகள் ஷூ. கடல் தாண்டி ஒரு கம்பெனி வாங்குகிறது. எந்த ஊர்ப் பிள்ளையோ, அதன் கால் போகிற இடத்துக்கு முதலில் என் கை போகிறது. அதனால் முருகனை நினைத்துக்கொண்டுதான் காலையில் முதல் ஷூவை எடுப்பேன்.

என் கையைத் தாண்டியது, இரும்பு கண்டுபிடிக்கிற மிஷினுக்குள் போகும். உடைந்த ஊசித் துண்டு இருந்தால்கூட அது கத்தும். அதன்பிறகுதான் பேக்கிங். எல்லாம் பெட்டிக்குள் போனதும், வாங்குகிற கம்பெனிக்காக சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவார். அவர் கை காட்டுகிற பெட்டிகளைப் பிரித்து, அதே மிஷினில் மறுபடி விடுவோம். அவர் சரி என்றால்தான் கன்டெய்னர் கிளம்பும்.

அன்றைக்கு மிஷின் கத்தியது. மேடம் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். வாய் திறந்த ஊக்கு ஒன்று மேஜையில் விழுந்தது.

கம்பெனிக்குள் ஊக்கு கொண்டுவரக் கூடாது. வாசலில் பையைப் பார்ப்பார்கள், முந்தானையைப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலியில் இரண்டு ஊக்கு மாட்டியிருப்போம். ஜாக்கெட் கொக்கி அறுந்தால், பிள்ளை காலில் முள் தைத்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். தாலியை வெளியே எடுத்துக் காட்டு என்று எந்த வாட்ச்மேன் கேட்பான்? நாங்களும் அதை ஊக்கு என்றே நினைப்பதில்லை. தாலியோடு தாலியாகிவிட்டது.

ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேர் கையும் நெஞ்சுக்குப் போனது.

"வழியில எங்கனா விழுந்திருக்கும் மேடம்" என்றார் மேனேஜர்.

"பெட்டி இப்பதான சார் பிரிச்சீங்க? யாருது, எத்தன விழுந்துச்சின்னு தெரியாம நான் எப்படி அனுப்புறது? ஃபெயில்னுதான் எழுதணும்."

ஃபெயில் என்றால் அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். எங்கள் லைனுக்கு வேலை இருக்காது.

பக்கத்தில் பேக்கிங் டேபிளில் நின்றவள் ஆடி கழிந்துதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். புதுத் தாலி. இன்னும் பர்மனென்ட் ஆகாதவள். முகம் வெளுத்துப் போய், "அக்கா, என்னுதுல ஒண்ணு இல்லக்கா" என்றாள்.

அவளுக்கு அந்தப் பக்கம் நின்றவள் பல்லைக் கடித்தாள். "சும்மா இருடி. ஊக்குல உன் பேரு எழுதியிருக்குதா இன்னா?"

போய் ஒத்துக்கொள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வேலை போனால் அவளுக்குத்தானே போகும். முருகா என்றேன் மனசுக்குள்.

அவளாகவே நடந்து போனாள். அத்தனை ஆம்பளைகள் நிற்கும்போது, மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"என்னுது மேடம். காலைல ரெண்டு இருந்துச்சி, இப்ப ஒண்ணுதான் இருக்குது. குனிஞ்சி பேக் பண்றப்ப விழுந்துருக்கும்."

மேடம் மேஜையில் விழுந்ததைத் தாலியில் இருந்ததோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நாங்களும் சுவர் பக்கம் திரும்பி அவரவர் ஊக்கை எண்ணிச் சொன்னோம். ஒன்றும் குறையவில்லை.

"இவங்க டேபிள் பெட்டி எல்லாத்தையும் பிரிங்க. மத்த டேபிள்ல நான் கை காட்டுற பெட்டிய மட்டும் பிரிச்சா போதும்" என்றார் மேடம்.

யாரும் சாப்பிடப் போகவில்லை. சும்மா இரு என்று சொன்னவளே முதலில் வந்தாள். "நவுருடி. நான் பிரிக்கிறேன்." அவள் பிரிக்க, நான் கை விட்டுப் பார்க்க, ஷூக்கள் மறுபடி மிஷினுக்குள் போயின. மிஷின் வாயே திறக்கவில்லை. மேடம் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் அந்தப் பெண் பக்கம் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இவங்க சொல்லலன்னா நான் ஃபெயில் எழுதிட்டுப் போயிருப்பேன் சார்" என்றார் மேடம். நீட்டிய விரல் அப்படியே மடங்கியது.

கன்டெய்னர் கேட்டைத் தாண்டும்போது அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் வயிற்றில் பிறந்தவள் போல எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போய் அவள் பேருக்கும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

மறுநாள் ஷூ அடிப்பாகத்துக்கு வைக்கிற ரப்பர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, கம்பெனி வாசலில் இருக்கிற சாமி படத்துக்குக் கீழே ஒட்டினேன். உள்ளே வருமுன் அவரவர் ஊக்கைக் கழற்றி அதில் குத்திவிட வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். முதல் ஊக்கை அவள்தான் குத்தினாள்.

அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த மேடம் அந்தப் பஞ்சைப் பார்த்து நின்றார். தோளில் துப்பட்டாவைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றி, எங்கள் ஊக்குகளுக்கு நடுவில் குத்திவிட்டு உள்ளே வந்தார். துப்பட்டா தோளில் நிற்கவில்லை. அன்று முழுக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் பெட்டிகளைக் காட்டினார்.