பக்கத்து வீட்டுப் பிள்ளை

எனக்கு வந்திருப்பது காக்கா வலிப்பு என்று தேயிலைத் தோட்டத்து டாக்டரையா சொன்னது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். அன்றிலிருந்து அடுப்புப் பக்கமும் ஆற்றுப் பக்கமும் எனக்கு ஆகாது என்றாகிவிட்டது. தினம் ஒரு மாத்திரை. அது போதாதென்று அம்மா ஓர் இரும்புக் காப்பு செய்வித்து என் கையில் மாட்டினாள். கேட்பவர்களிடம் "பயந்த புள்ளைங்க, அதான்" என்பாள். வீண் பொய். ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள் இருக்கும் எங்கள் லயத்தில் முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் 'நூறு' என்பார்கள்.

வெளியாருக்குத்தான் தெரியாது. அக்காவைப் பெண் பார்க்க வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருவதாக இருந்தது. வலிப்பு இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அன்று காலை அம்மா என் காப்பைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டாள்.

"நீ யாருன்னு கேட்டா, பக்கத்து வீட்டுப் புள்ளன்னு சொல்லு."

எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியாக இருந்தது. ஒருநாளாவது வலிப்புக்காரியாக இல்லாமல் இருக்கலாமே. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் என்னைக் காட்டி, "இது யாரு?" என்றார். அம்மா முந்திக்கொண்டு, "பக்கத்து வீட்டுப் புள்ளைங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். கை வெறிச்சென்று இருந்தது. பயத்தில் கதவின் இரும்பு நாதாங்கியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்ததுவரைதான் நினைவு.

கண் விழித்தபோது அக்கா மடியில் கிடந்தேன். என் பாவாடை நனைந்திருந்தது. அவள் கட்டியிருந்த இரவல் பட்டும் நனைந்திருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

நடந்ததைப் பிறகு பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னார். நான் விழுந்ததும் அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லையாம். அக்காதான் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாளாம். "அடுத்த வீட்டுப் புள்ளைக்கா இவ்வளவு பதறுற?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்க, "என் கூடப் பொறந்த தங்கச்சிங்க" என்றாளாம். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. அக்காவைப் பார்க்க வெகுநாள் யாரும் வரவில்லை.

அடுத்த முறை டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது நீண்ட வரிசை. மருந்து கொடுப்பவர் தலை நிமிராமல், "யாரு புள்ள இது?" என்றார்.

"என் புள்ளைங்க. வலிப்பு இருக்குங்க" என்றாள் அம்மா. வரிசையே திரும்பிப் பார்த்தது.

அதன்பின் பஸ்ஸிலும் கோயிலிலும் கேட்காதவர்களிடம்கூட அப்படியே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லக் கூடாதா என்றிருக்கும்.