வட்டத்தில் ஒரு நாற்காலி

விடுதிப் பள்ளியில் ஒழுங்குப் பொறுப்பு ஆசிரியை என்றால், பிள்ளைகள் செய்யும் தப்புக்கெல்லாம் முதலில் பேச்சு வாங்குகிறவள் என்று பொருள். அந்தப் பதவியில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருடம் எங்கள் நாமக்கல் பள்ளியில் புதுமுறை. தப்பு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் வட்டமாக உட்கார்ந்து பேசி, நடந்ததைச் சரிசெய்ய வேண்டும். பயிற்சிக்குப் போய் வந்த நான் தயாராகத்தான் இருந்தேன்.

மண்டி

முதல் வழக்கே பெரிய வழக்கு. பிளஸ் டூ காவ்யா, மாதத் தேர்வு அன்று காலையில் அஃப்ரினைக் குளியலறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். வார்டன் வந்து திறப்பதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. காவ்யாவுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது என்று பிரின்சிபால் முடிவே செய்துவிட்டார். பொதுத்தேர்வு நெருங்கும்போது எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? ஒரே ஒரு வட்டம் நடத்திவிட்டு முடிவெடுங்கள் என்று மன்றாடி, அவருக்கும் சேர்த்து நாற்காலி போட்டேன். உள்ளே வந்த காவ்யா அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நடுவில் மண்டி போட்டாள். எழுந்து உட்காரச் சொன்னதற்கு மெதுவாகக் கேட்டாள்:

"உக்காந்தா சாருக்கு இன்னும் கோவம் வராதுங்களா மிஸ்?"

தோல்

மோகனூரிலிருந்து கரும்பு வெட்டைப் பாதியில் விட்டு வந்த அவள் அப்பா, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரிக்கச் சொன்னார். இங்கே அடி கிடையாது, பேச்சுதான் என்றேன். மனிதர் நொந்துபோனார்.

"பேசறதுக்கு எங்கூட்லயே ஆளிருக்குதுங்க."

பெட்டி

ஏன் செய்தாய் என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் மாதத் தேர்வில் மார்க்கில் கடைசியாக வருகிறவர் ஏ செக்‌ஷனிலிருந்து பி செக்‌ஷனுக்கு இறங்க வேண்டும். அன்று மாலையே எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியில் வேறு அறைக்கு நடக்க வேண்டும். அஃப்ரின் எழுதாவிட்டால் தன் இடம் தப்பும் என்று நினைத்ததாகச் சொல்லி அழுதாள் காவ்யா. அஃப்ரின் சேலத்து ஜவுளிக்கடைக்காரர் மகள். குளியலறையில் கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. காவ்யா தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தனக்கு மறுதேர்வு வேண்டும் என்றாள். காவ்யா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். டி.சி. பற்றி என்ன சொல்கிறாய் என்று அஃப்ரினைக் கேட்டேன். போன வருடம் தானும் பெட்டி தூக்கியவள் என்று சொன்ன அஃப்ரின், நேராகப் பிரின்சிபாலைப் பார்த்தாள்.

"அவள அனுப்பாதீங்க சார். பொட்டி தூக்க வைக்கறத நிறுத்துங்க."

நாற்காலி

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரின்சிபால், டி.சி. இல்லை, மறுதேர்வு உண்டு, இனி யாரும் பெட்டி தூக்க வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு நாற்காலி போட்டீங்களே, அதுதான் மிஸ் நீங்க பண்ணுன தப்பு."

இந்தப் புதுமுறைக்குப் பிள்ளைகள் முதல் நாளே தயார். பெரியவர்கள் நாங்கள்தான் இன்னும் பி செக்‌ஷனில் இருக்கிறோம்.