பாறை உச்சியில் ஒரு விரிசல்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, படகு எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்தது. நான் கழற்றினேன், அவள் பழைய பல் பிரஷால் கரியைத் தேய்த்தாள். பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். எங்கள் துருக்கிக் கடலோர ஊரான போஸ்யாஸிக்குக் கிழக்கே, செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கும் குகையில் கடல்நாய் குட்டி போட்டிருக்கிறதா, இல்லையா? முதுகில் தழும்புள்ள ஒரு பெண் கடல்நாய் கோடை முழுவதும் அங்கே பருத்துக்கொண்டே வந்திருந்தது.

அம்மா, நெஸாஹத், தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள். ஓய்வு பெற்றதும் கடல்நாய்க் கணக்கெடுப்புக் குழுவில் சேர்ந்தாள். சாலை போகாத கரை அவள் பங்கு.

குட்டி போடும் பருவத்தில் குகைக்குள் ஆள் போகக் கூடாது. மிரண்டால் தாய் குட்டியை விட்டுப் போய்விடும். கேமரா வைக்கலாமே என்றேன்.

"அத வைக்க ஒரு ஆளு உள்ள போகணுமே, இஞ்சினியரம்மா!"

அவள் வழி வேறு. பாறை உச்சியில் ஒரு விரிசல் குகை வரை இறங்குகிறது. காற்று இல்லாத நாளில் குப்புறப் படுத்து அதில் காது வைப்பாள். குட்டி இருந்தால் கத்தும்.

குகை வாயிலில் வலை போடுகிறவர் ரிஃப்கி மாமா. கடல்நாயை அவர் கரடிமீன் என்றுதான் சொல்வார். வலையில் சிக்கினால் குட்டி மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

"அக்கா, ஒன் கரடிமீன் என் வலையக் கிழிச்சுத் தின்னுட்டுப் போவுது. அதுக்கு நான் தொட்டில் வேற ஆட்டணுமா?"

"காத்து அடங்கட்டும் ரிஃப்கி. குட்டி இல்லன்னா நானே வந்து வலைய இறக்கித் தரேன்."

"இருந்தா?"

"வாய மூடிக்கிட்டு வசந்தம் வரைக்கும் வேற பக்கம் போ."

அவர் சிரித்தார். சம்மதித்தார்.

காற்று விடவில்லை. அதற்குள் அம்மா சந்தையில் தக்காளி பொறுக்கும்போது விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு.

அடக்கம் முடிந்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இறந்தவர் பேரில் பகிரும் ரவை ஹெல்வாவைக் கிண்டினார்கள். ரிஃப்கி மாமா தட்டை வாங்கினார், சாப்பிடவில்லை.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. வலை படகுலயே கெடக்கு. அக்கா ஏதாச்சும் சொல்லுச்சா?"

"அம்மாவால மேல ஏறவே முடியல மாமா. அவ்ளோ காத்து."

"அப்ப இருக்கா, இல்லையா?"

"தெரியல."

"காத்து நிக்கிற வரைக்கும் பொறுக்குறேன். அக்கா கிட்ட சொன்ன சொல்லு. அதுக்கு மேல என் வீட்டுல அடுப்பு எரியணும்ல."

இன்று காலை சன்னல் திரை அசையவில்லை. கடல் தட்டையாகக் கிடக்கிறது. ரிஃப்கி மாமா படகுத்துறையில் வலையை உதறிக்கொண்டிருக்கிறார். விரிசலில் இன்னும் யாரும் காது வைக்கவில்லை.