முதுகுக்குப் பின்னால் சொன்ன சேதி

எங்கள் ஊரான டிமாவில் என் மாமியாரைச் செவிட்டுப் பிரிஜிதா என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அவரிடம் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருநாள் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்தார். அடுப்பில் பால் பொங்கும் சத்தம். நான் எழுவதற்குள் அவரே திரும்பிப் பாத்திரத்தை இறக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, பக்கத்து வீட்டு ஓர்சொலாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அவராகவே சொன்னார்.

ஊர் இருப்பது இத்தாலியில்தான். ஆனால் வீட்டுக்குள் பேசுவது மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியர்கள் பேசுகிற பேச்சு. யுத்தத்துக்கு முன்னால் ஆண்கள் கோடை முழுவதும் அங்கே செங்கல் சூளையில் வேலை பார்த்தார்கள். பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். பிரிஜிதாவின் கல்யாணத்துக்குச் சுவர்க்கடிகாரம் அனுப்பியதே சூளை முதலாளிதான். 1915 மே மாதம் இரண்டு நாடும் எதிரிகள் ஆயின. பிரிஜிதாவின் கணவர் ஃப்ளோரியானைப் பட்டாளத்தில் சேர்த்துக் கிழக்கே வேறொரு போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்கு மேலே மலை முகட்டில் பாறையை உடைத்துப் பதுங்குகுழி வெட்டினார்கள். கல்லெறியும் தூரத்தில் எதிரியின் குழி.

இழந்த மலைகளை மீட்கப் போகிறோம் என்று கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்தார். வெளியே வந்து ஓர்சொலா சொன்னாள்: "என்னைக் கேட்டிருந்தா இந்த மலையச் சும்மாவே குடுத்திருப்பேன். ஏறி எறங்குற வேலையாவது மிச்சம்."

ஏறி இறங்கியது பெண்கள்தான். வண்டி போகாத பாதை. முதுகுக்கூடையில் ரொட்டி, குண்டு, பலகை, எது கொடுத்தாலும் சுமந்தார்கள். இறங்கும்போது அதே கூடையில் சிப்பாய்களின் அழுக்குத்துணி. வெந்நீரில் போட்டால் பேன் மிதக்கும். குழிக்குள் நின்றே தூங்கிப் பழகிய பையன்கள், ஈரத்தில் கறுத்துப்போன கால்விரல்களை பெண்கள் பார்க்கக் கூடாது என்று சாக்கால் மூடிக்கொள்வார்கள். பெண்கள் ஏறும் சரிவு எதிரியின் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். சுடமாட்டார்கள். அவர்களுக்கு ரொட்டி வரும் வழியில் இவர்களும் குறிவைத்துச் சுட்டதில்லை. யாரும் பேசி முடிவு செய்ததல்ல.

பிரிஜிதாவுக்கு எதிரி பேசும் பேச்சு தெரியும் என்பது கேப்டன் காதுக்குப் போனது. தூரின் நகரத்துக்காரர், மரியாதையான மனிதர். எதிர்க்குழியில் பேசுவதைக் கேட்டுச் சொல்ல, பிரிஜிதாவைக் குழியின் முன்முனையில் உட்காரவைத்தார்.

"என்னம்மா பேசிக்கிறாங்க?"

"எவனோ வீட்டுல மாடு கன்னு போட்டுருக்காம், சார். காளைக்கன்னாம். வருத்தப்படுறான்."

பக்கத்திலிருந்த சிப்பாய்கள் சிரித்தார்கள். "அக்கா, இங்கயும் வருத்தம்தான்னு சொல்லு" என்றான் ஒருவன்.

"வேற?"

"ரொட்டி ஆறிப்போய் வருதுன்னு ஏசுறாங்க. ஊத்துப் பக்கம் பனி உறைஞ்சு வழுக்குதாம். பெரிய பாறையச் சுத்தி வர்றதுனால நேரமாகுதாம். நம்ம பசங்க ஏசுற மாதிரியேதான்."

பிரிஜிதா சிரித்துக்கொண்டே சொன்னார். கேப்டன் சிரிக்கவில்லை. வரைபடத்தை எடுத்தார்.

மறுநாள் காலை பெரிய பாறையைச் சுற்றி நம் பீரங்கிகள் அடித்தன. கூடையோடு பாதிவழியில் நின்றிருந்த பிரிஜிதா அது எந்த இடம் என்று கண்டுகொண்டார். அங்கேயும் யாரோ கூடையோடுதான் வந்துகொண்டிருந்திருப்பார்கள். என்னிடம் இதைச் சொல்லும்போது, "வீட்டுப் பேச்சுன்னு நெனச்சேன்டி" என்று மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த நாள் பெண்கள் ஏறிய சரிவில் குண்டு விழுந்தது. ஓர்சொலாவின் இடது கை முழங்கைக்குக் கீழே சிதைந்தது. பக்கத்தில் நடந்த பிரிஜிதா மண்ணுக்குள்ளிருந்து எழுந்தார். காது கொஞ்சநேரம் இரைந்தது. ஊர் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட்டது. சரியானதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் முறை மேலே போனபோது கேப்டன் கூப்பிட்டார். "வாம்மா, வந்து கேளு. உன் சிநேகிதி கைக்குப் பதிலடி குடுக்கணும்ல."

பிரிஜிதா காதைத் தொட்டுக் காட்டினார். "குண்டு விழுந்ததுல போயிருச்சு, சார்."

கேப்டன் நம்பவில்லை. பின்னால் தட்டை விட்டெறிந்தார்கள். துப்பாக்கியால் வானத்தில் சுட்டார்கள். அதெல்லாம் வரும் என்று பிரிஜிதாவுக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் "சரி, விடு" என்று கேப்டன் கையசைத்தார். பிரிஜிதா குனிந்து கூடையிலிருந்த ரொட்டிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அப்போது பின்னால் கேப்டன் தாழ்ந்த குரலில் தன் எடுபிடிச் சிப்பாயிடம் சொன்னார்:

"இந்தம்மாகிட்ட யாரு சொல்றது? புருஷன் போயிட்டானாம். நேத்துத்தான் தகவல் வந்துச்சு."

பிரிஜிதா அடுத்த ரொட்டியை எடுத்தார். அடுக்கினார். அதற்கடுத்ததை எடுத்தார். கூடை காலியானதும் அழுக்குத்துணியை அமுக்கி நிரப்பி, யாரையும் பார்க்காமல் இறங்கினார்.

பொய்யா, மெய்யா? யாரைக் கேட்பது? பாதிரியாரைக் கேட்டால், உனக்கு யார் சொன்னது என்பார். ஓர்சொலா ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அவளிடம் கேட்கவும் முகமில்லை. கறுப்பு உடுத்த முடியாது. அவர் ஆத்மாவுக்காகக் கோயிலில் திருப்பலிக்குச் சொல்ல முடியாது. ஃப்ளோரியானின் கிழிந்த கால்சட்டையைத் தைக்கும்போது இது உயிரோடிருப்பவனுக்கா என்று கை நிற்கும். வீட்டு முன்னறையில் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள், அழவும் இடமில்லை. தினமும் மலையேறினார். கேப்டன் எப்போதும்போல மரியாதையாகத் தலையசைத்தார்.

பனிக்காலம் பாதி போயிருக்கும். ஒரு மத்தியானம் செம்புச் சட்டியில் சோளக்களி கிளறிக்கொண்டிருந்தார். பின்னால் மேஜையில் இரண்டு சிப்பாய்கள், அதில் ஒருவன் கேப்டனின் எடுபிடி. கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது.

"பிரிஜிதா."

ஃப்ளோரியானின் குரல்.

பிரிஜிதா களியைக் கிளறினார். அடிபிடிக்காமல் ஓரத்தை வழித்துவிட்டார். "ஏய், நான்தான்" என்று மறுபடி குரல். "சத்தமா சொன்னாலும் அவங்களுக்குக் கேக்காதுண்ணே, முன்னாடி போய் நில்லுங்க" என்றான் எடுபிடி. பூட்ஸ் சத்தம் தரையில் மெதுவாகச் சுற்றி வந்தது. தாடியும் மெலிந்த முகமுமாக அவர் அடுப்புக்கு எதிரே வந்து நின்ற பிறகுதான் பிரிஜிதா கரண்டியை விட்டார்.

விடுப்பு முடிந்து திரும்பப் போன ஃப்ளோரியான் மாமா யுத்தத்திலிருந்து உயிரோடு வந்து, நான் மருமகளாக வந்த பிறகும் சில வருடம் இருந்தார். குடித்தால் அதே பேச்சுதான். "சாவுலேர்ந்து எழுந்து வந்தேன், இவ களி கிண்டிக்கிட்டு நிக்கிறா." எதிரே உட்கார்ந்து பிரிஜிதா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன்.

"சொன்னா ஏன் செவிடானேன்னு கேப்பாரு. அப்புறம் பெரிய பாறையச் சொல்லணும். ஓர்சொலா கையச் சொல்லணும்." இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தார். "அவ அந்த ஒத்தைக் கையாலதான்டி நாப்பது வருஷம் எனக்குச் சைகை காட்டிப் பேசினா."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் அசையவில்லை. நான் போய்த் திறந்தேன்.