ஆறு பேர் வண்டியில் ஒருத்தி

என் மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு எதிர்வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். புது வண்டி வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். மாமியார்க்காரி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாளாம், ஒரு வார்த்தை தடுக்கவில்லையாம். தடுக்கவில்லைதான். அந்தப் பெட்டியை அடுக்கிக் கொடுத்ததே நான்தானே, நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

முதுகுக்குப் பின்னால் பேசுகிறவளிடம் முகத்துக்கு நேராகப் பேசிவிட வேண்டும். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"அவ கோவிச்சுக்கிட்டுப் போனான்னு யாரு சொன்னா?"

"நானா சொல்லல பெரியம்மா. தெருவே சொல்லுது."

"தெருவுக்கு ஏது வாய்? உனக்குத்தான் இருக்கு."

"ஆறு பேர் உக்கார்ற வண்டி. ஒருத்தி மட்டும் ஏறிப் போனா என்ன அர்த்தம்?"

"அஞ்சு இடம் காலியா இருக்குன்னு அர்த்தம்."

அவள் சிரிக்கவில்லை. போகட்டும். மாவு கரைத்து வைத்தது நினைவுக்கு வந்தது என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அவள் கேட்காமல் போன மீதியையும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஷட்டர் போட்ட ஓர் அறை. அதுதான் டிரைவிங் ஸ்கூல். உள்ளே ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் வரைந்த அட்டை. வெளியே, தலையில் பலகை சுமந்துகொண்டு, நாலு மூலையும் நசுங்கிய வெள்ளை வண்டி. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார், இவள் பக்கத்து இருக்கையில். இவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர் மிதிக்க மறந்தால் இவள் மிதிப்பாள். கல்யாணமாகி வந்த வருஷம் தொடங்கிய வேலை, என் பேத்தி கல்லூரிக்குப் போகிற வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு வாங்கும் செருப்பில் ஒரு கால் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஊரார் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா.

எத்தனை விதமான ஆட்கள் வருவார்கள் என்கிறீர்கள்! பேங்கில் வேலை செய்கிறவர் ஒருவர், எதிரே லாரி வந்தால் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், நாய் குறுக்கே வந்தால் வண்டியை நட்டநடு ரோட்டில் நிறுத்தி, இறங்கிப் போய், அதை ஓரமாக அனுப்பிவிட்டு வருவார். யார் என்ன செய்தாலும் இவள் குரல் ஒரே மட்டத்தில் நிற்கும். "கண்ணாடி பாருங்க. கிளட்சை மெதுவா விடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல." கண் மட்டும் ரோட்டில் பாதி, பக்கத்து ஆளின் பாதத்தில் பாதி இருக்கும். கை என்ன செய்யப் போகிறது என்பதைப் பாதம் முன்கூட்டியே சொல்லிவிடும் என்பாள். வீட்டில் டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடும்போது, சோபாவில் உட்கார்ந்தபடியே டீபாய்க் காலை எட்டி மிதிப்பாள். இரண்டு காப்பித் தம்ளர் போயிருக்கிறது அப்படி.

இப்படி ஊர்ந்தே பிழைப்பவளுக்கு எந்த வண்டிமேல் ஆசை வந்தது தெரியுமா? பார்த்தால் பிள்ளைகுட்டிக்காரன் வண்டி போலத்தான் இருக்கும். நீளமான பின்பக்கம், ஆறு இருக்கை, சாமான் போட அகலமான இடம். ஆனால் உள்ளே இருக்கிற இன்ஜின் பந்தயத்துக்குப் போகிற வண்டியுடையதாம். ஒருநாள் அந்தப் பேங்க்காரரோடு மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்று இவர்களைத் தாண்டிப் போயிருக்கிறது. முன்னால் ஒரு பெண், பின்னால் குழந்தைகள், தூங்குகிற ஒரு கிழவர். யாரும் அசையவில்லை, வண்டி மட்டும் பறந்துவிட்டது. அன்று வந்து என்னிடம் சொன்னாள்: "அத்தே, ரெண்டு பேர் உக்கார்ற வண்டியில வேகமாப் போறது பெரிய விஷயமே இல்ல. வீட்டையே ஏத்திக்கிட்டு அப்படிப் போகணும்."

அதைச் சொல்லிப் பல வருஷம். எப்போதும் மகனே ஓட்டிவந்த எங்கள் பழைய வண்டி போன மழைக்காலத்தில் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது. என் மகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகிற சுபாவம் அவனுக்கு. சின்ன வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான்.

"நாலு பேருக்கு ஆறு சீட்டு எதுக்கு?" என்றான்.

"நாலு பேருக்கு மூணு பெட்ரூம் வீடு எதுக்குங்க?" என்றாள் இவள்.

"அது வீடு."

"இதுவும்தான்."

சம்பாதித்தவள் அவள், சேர்த்தவள் அவள். அதனால் பணப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நாலு பேரும் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடி போலத் தரை. நடக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. விற்பனைப் பையன் சாவியை இவள் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டவள் நேராகப் போய்ப் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். பையன் எதிர்ப்பக்கம் நின்று முழிக்கிறான். "கண்ணாடியைச் சரி பண்ணிக்கங்க தம்பி" என்கிறாள் அவனிடம்! பேத்தி சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

மாறி உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் சிரிப்பு நின்றது. வெளியே அகலமான காலி ரோடு. வண்டி உறுமுகிறது, ஆனால் நகரவில்லை. நகர்ந்தால் நிற்கிறது. மாடு மேய்கிற மாதிரி போனோம். ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "கொஞ்சம் மிதிங்க மேடம், வண்டி கேக்குது" என்றான். மிதிக்க முடியவில்லை அவளுக்கு. கால் தானாகப் போய்ப் பிரேக்கில் உட்கார்ந்துவிட்டது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்றாள்.

அந்தக் கடையில் எதிர்வீட்டுக்காரியின் தம்பி வேலை செய்கிறான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மறுநாளே தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. பிரேக்கம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாதாம்! இத்தனை பேரை எப்படி ஏமாற்றினாளோ! கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் வகுப்பை நிறுத்திவிட்டுப் போனாள். பேச்சை இவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "அந்தச் சின்ன வண்டியே போதும்" என்று சொன்னாள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி போதும்? யாருக்குப் போதும்?"

"எனக்கு நிறுத்தத் தெரியும் அத்தே. இத்தனை வருஷமா அதைத்தான் பழகியிருக்கேன். ஓட்டறது மறந்துபோச்சு."

"மறந்தா மறுபடி பழகு. ஸ்கூலு உன்னோடதுதானே? மாணவியாச் சேரு."

"யாரு சொல்லிக் கொடுப்பா?"

"நான் உக்கார்றேன்."

எனக்குச் சைக்கிள்கூட விடத் தெரியாது. அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு அந்த வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். அவள் ஸ்டியரிங் பக்கம், அவளுடைய இடத்தில் நான். இரண்டு முறை கிளப்பினாள், இரண்டு முறையும் நின்றது. அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். எதிரே பார்க்கவில்லை; என் பாதத்தைப் பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு பாதம் இருந்தால் அது என்ன தப்புச் செய்யப்போகிறதோ என்று காவல் காத்தே பழகிவிட்டாள், பாவம். இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்துச் சம்மணம் போட்டு, புடவையால் மூடிக்கொண்டேன்.

"என்ன அத்தே பண்றீங்க?"

"எனக்குக் காலே இல்லைன்னு வச்சுக்கோ. ஓட்டு."

முதல் சுற்று சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த சுற்றில் சிரிப்பை விட்டாள். அப்புறம் மைதானத்தின் கோடி மரத்துக்கு நேராக ஒரு விடு விட்டாள், வயிறு என் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மரம் ஓடி வருகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெட்டது. சரியான இடத்தில் அவளே பிரேக் போட்டு, அவளே வளைத்துத் திருப்பினாள். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனோம். என் முழங்கால் வலித்தது, வலிக்கட்டுமே.

பிறகு ஷோரூமுக்குப் போனோம். கரும்பச்சை நிறத்தில் ஒன்றைக் காட்டி, "இது" என்றாள். ஒரே வார்த்தை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெரு முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. அன்று மாலையே எல்லோரும் ஏறினோம். முன்னால் என் மகன். நெடுஞ்சாலையில் ஏறியதும் கொஞ்சம் வேகம் பிடித்தாள். அவன் இரண்டு காலாலும் தரையை மிதிக்க ஆரம்பித்தான்.

"அங்க பிரேக் இல்லைங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் மிதிக்கிறீங்க?"

"நானா மிதிக்கிறேன்? காலு மிதிக்குது."

அவ்வளவுதான், அவள் கண் அந்தக் காலுக்குப் போய்விட்டது. வண்டி மறுபடியும் மாடு மேய்க்கத் தொடங்கியது. அவனைச் சம்மணம் போடச் சொன்னேன். லிஃப்டுக்குள் குனிந்து குனிந்து இடுப்பு மடங்காதாம். பின்னால் போய் உட்காரச் சொன்னேன். போனான். அங்கிருந்து, "மெதுவா, மெதுவா" என்று குரல் மட்டும் வந்தது. பேத்தி அவன் வாயில் பாப்கார்னைத் திணித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். யாரிடமும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை, இன்ன கிழமை குடிநீர் வராது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"மலை ரோட்டுல தனியாப் போயிட்டு வரப்போறேன். வெள்ளிக்கிழமை கிளம்பினா ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்."

"தனியாவா? நான் வேணும்னா லீவு போட்டு..." என்றான் மகன்.

"நீங்க வந்தா உங்களைப் பாத்துக்குவேன். ரோட்டை யாரு பாக்கறது?"

"அப்படி என்ன தனியாப் போயே ஆகணும்?"

"ஓட்டற வண்டியில நான் மட்டும் இருந்து பார்த்ததே இல்லைங்க. எப்பவும் பக்கத்துல யாராவது. அவங்களைக் காப்பாத்தறதே வேலை. ஒரு தடவை என்னை மட்டும் காப்பாத்திக்கிட்டு வரேன். அதுக்கப்புறம் உங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவன் என்னைப் பார்த்தான். அம்மா ஏதாவது தடை சொல்லுவாள் என்று நினைத்தான்போல. "மலையில குளிரும், போர்வை எடுத்து வைக்கறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்கூலுக்குப் போகும்போது கழுத்தில் மாட்டுகிற விசில் அன்று இல்லை. பேத்தி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, "போட்டோ அனுப்பும்மா" என்றாள். "ஓட்டும்போது அனுப்ப மாட்டேன்" என்றாள் இவள். மகன் டயரையெல்லாம் எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"குடுங்க, நானே எடுத்துக்கறேன்."

"கார் வரைக்குமாவது கொண்டாந்து வைக்கறேன்."

"வேணாங்க. பக்கத்து சீட்டுல வச்சுடுவீங்க. அது காலியா இருக்கட்டும்."

பெட்டியை வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது, அதைப் பார்த்து, "போயிட்டு வரேங்க!" என்று உரக்கச் சொன்னாள். காதில் விழாததுபோல அந்த ஜன்னல் நின்றது. என்னிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, என் தோளைத் தட்டினாள், பாஸான பிள்ளைகளைத் தட்டுவாளே, அப்படி. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.