மூன்று கட்டை மேலே

அத்தான் அந்தக் கிட்டாரை முதன்முதலில் மாதா கோயிலுக்குக் கொண்டுவந்தபோது, யார் வீட்டுப் பிள்ளைக்கோ பிறந்தநாள் பரிசு என்றுதான் நினைத்தேன். அவருடைய பழைய கிட்டார் குடம் போல வயிற்றை முட்டிக்கொண்டு நிற்கும். இது அவர் நெஞ்சுக்குள் அடங்கிவிட்டது. உடம்பும் சின்னது, கழுத்தும் குட்டை. பாடகர் குழுவில் எல்லோருக்கும் அதைப் பார்த்ததும் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நன்றாக இருந்த பெரிய கிட்டாரை வீட்டில் போட்டுவிட்டு ஒரு மனிதர் ஏன் சின்னதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

என் சுபாவம் அப்படி. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், மீனின் கண்ணைப் பார்ப்பேன், பிறகு விற்கிறவள் கண்ணையும் பார்ப்பேன். அத்தான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறி, கண்டெய்னர்கள் ஆடாமல் இரும்புத் தண்டுகளால் இறுக்கிக் கட்டும் வேலை. அதில் ஒருமுறை இடது சுட்டுவிரல் நசுங்கி, முழுதாக நீளாமல் நின்றுவிட்டது. அதனால்தான் சின்னது வாங்கினார் என்று அக்கா சொன்னாள். விரல் வைக்கிற கட்டைகள் நெருங்கி இருக்குமாம், விரலை அகட்ட வேண்டாமாம். நியாயமான காரணம்தான். நியாயமான காரணங்கள்தான் எனக்கு எப்போதும் இடிக்கும்.

ஒலியும் வேறாக இருந்தது. பழைய கிட்டார் உறுமும். மின்விசிறிகளின் இரைச்சலிலும் கடல் பக்கத்து வாசல் வழியே வரும் காற்றிலும் பாதி கரைந்துவிடும். இதுவோ கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டினது போல, அத்தனை பேரையும் தாண்டிக் கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. வழக்கமாகப் பிரசங்கத்தில் தூங்கி, பாட்டிலும் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் எரிச்சல்.

எங்கள் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுக்கும் முதல் குரல் நான்தான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. வீட்டில் நான் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள்கூட அங்கே நான் தொடங்கினால்தான் வாயைத் திறக்கும். எனக்கென்று ஊரில் இருந்தது அந்த ஓர் இடம். அந்த மாதம் காணிக்கைப் பாட்டின் உச்சியில் தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்ற அக்கா மகள், கல்லூரிக்குப் போகிறவள், அதே இடத்தை அலட்டிக்கொள்ளாமல் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் குடித்தேன். டாக்டர் தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் பயம், குரல் போய்விட்டதோ என்று.

ஒருநாள் போனில் கிடந்த போன வருடத்து வீடியோப் பதிவோடு சேர்ந்து அந்த ஒரு வரியைப் பாடினேன். எட்டியது. இந்த வாரப் பதிவோடு பாடினேன். எட்டவில்லை. பாட்டும் அதே பாட்டு, அத்தானின் விரல்களும் அதே இடங்களில். கிட்டாரின் சுருதி மட்டும் மூன்று கட்டை மேலே இருந்தது. அப்பா மகளுக்கு வழி பண்ணுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன்.

“அத்தான், பாட்ட யாருக்காக மேல ஏத்துதீய?”

“நான் எங்க ஏத்துனேன்? அதே ‘டி’ கார்டுதான் புடிக்கேன்.”

“விரலச் சொல்லல. சத்தத்தச் சொல்லுதேன்.”

அவர் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “ஏளா, சின்னதுல கம்பிய இன்னும் இறுக்கித்தான் முறுக்கணும். அதே எடத்துல விரல் வச்சா மூணு கட்டை கூடத்தான் கேக்கும். கேக்க நல்லா இருந்துச்சு, உட்டுட்டேன். ஒனக்கு எட்டலன்னா சொல்லிருக்கலாம்லா?”

“எனக்கு எட்டாம ஒண்ணும் இல்ல.”

அடுக்களையிலிருந்து அக்கா, “இவ கட்டுன புருசனையும் செவுளத் தூக்கிப் பாத்துட்டுத்தான் கட்டிருப்பா” என்றாள்.

திருவிழாவுக்குப் பழைய உயரத்திலேயே வாசிப்பதாக அத்தான் ஒத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் எனக்கு உறுத்தியது. வாசல்வரை வந்த அக்கா மகள், “சித்தி, இதுல கீழ எறக்கணும்னா சுட்டுவிரல ஆறு கம்பி மேலயும் படுக்கப் போட்டு அமுக்கணும். அப்பாவுக்கு வலிக்கும்” என்றாள். அப்பாவுக்காகச் சொல்கிறாளா, தனக்காகச் சொல்கிறாளா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

திருவிழாப் பூசையில் நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். வேண்டுமென்றே சொதப்புவார் என்று எதிர்பார்த்தேன். முதல் சரணம் சுகமாகப் போயிற்று. இரண்டாவதில் கிட்டார் என்னை விட்டு மேலே போவது போலத் தோன்றியது. மறுபடி ஏற்றுகிறாரே என்று முறைத்தேன். அவர் விரல் வெளுத்துப்போய் அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. கிட்டார் நின்ற இடத்திலேயே நின்றது. நான்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு வரிக்கு எட்டின குரல் முழுப்பாட்டுக்கு எட்டவில்லை. எக்கி ஏறப் பார்த்தேன், முடியவில்லை. இன்னும் ஒரு வரி போனால் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

அப்போது கிட்டார் சத்தம் நின்றுபோனது.

இசை இல்லாவிட்டால் குரல் இறங்கினது யாருக்குத் தெரியும்? தனியாகவே பாடி முடித்தேன். அந்த இடத்தில் கிட்டாரை நிறுத்தினது அழகாக இருந்தது என்று ஃபாதரே சொன்னார். அத்தான், “இல்ல ஃபாதர், கம்பி அறுந்துட்டு” என்று சொல்லிக்கொண்டே பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கம்பி அறுந்தால் சத்தம் கேட்கும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த பயிற்சிக்கு அவருக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். வந்ததும் வராததுமாக, “புதுக்கம்பி போட்டுட்டேன், இனி எப்பவும் கீழயே வாசிக்கேன்” என்று அந்த விரலைக் கம்பிகள்மேல் படுக்கவைத்தார். நான் குனிந்து பார்த்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஆறு கம்பிகளும் ஒன்றுபோலக் கறுத்திருந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை.

“வேண்டாம் அத்தான், மேலயே வாசிங்க. பிள்ள எடுத்துக் குடுக்கட்டும்” என்றேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

இப்போது அக்கா மகள்தான் முதல் குரல். நான் அவளுக்குப் பின்னால் நின்று கீழ்க்குரலில் சேர்ந்துகொள்கிறேன். திருவிழாவில் கம்பி அறுந்த கதையை அத்தான் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் நம்பாமல் என் பக்கம் திரும்பினால், “ஆமா, அறுந்துதான் போச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்லா” என்று சொல்லிவிடுகிறேன்.