பாதி மலையில் நின்ற வேண்டுதல்

போன வெள்ளிக்கிழமை ஓசூர் மலைக்கோயிலுக்குப் போனோம். நான், தம்பி மாதப்பன், அவன் மனைவி சரோஜா. ஊரையே படுக்கப் போட்ட இந்த ஃப்ளூ ஜுரம் தம்பியையும் விடவில்லை. ஒருவழியாக ஜுரம் இறங்கியது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். பிழைத்து எழுந்தால் அவனை நடத்தியே மலையேற்றித் தேங்காய் உடைப்பதாகச் சரோஜா வேண்டிக்கொண்டிருந்தாள். அதைத் தீர்க்கத்தான் கிளம்பினோம்.

என் தொந்தியை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அன்று முன்னால் போனவன் நான்தான்! மாதப்பன் பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். மாங்காய்க் கூடையோடு பஸ் கூரைக்கு ஏறி இறங்குகிறவன். அவனையே முந்திவிட்டேனே என்று எனக்குப் பெருமை வேறு...

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, இங்கிருந்து பாத்தா ஊரு எவ்ளோ அழகா இருக்குது பாரேன்."

ஊர் அழகைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. நெஞ்சின் இடது பக்கம் சட்டைத் துணி துடித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன். நாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"படுத்தா மூச்சு முட்டுதாடா?"

"ஒக்காந்துதான் தூங்கறேன்ணா. சும்மா அசதி. டூட்டிக்குப் போனா சரியாயிடும்."

சரோஜா தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் படிதான் மாமா. பாதியில எறங்கினா சாமி குத்தமாயிடும்."

"ஏறினா ஆளே இருக்க மாட்டான்மா!" — கத்திவிட்டேன்.

வழியில் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அவனைத் தூக்கி இறக்கி டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ரொம்ப நேரம் அதை எடுக்கவே இல்லை.

"ஜுரம் போயிடுச்சு. போறப்ப இதயத்தைத் தொட்டுட்டுப் போயிருக்கு. கட்டிலை விட்டு எறங்கக் கூடாது. இன்னும் மேல ஏறியிருந்தா..."



நாம் என்ன செய்கிறோம்? நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். சில்லென்றிருந்தால் ரசம் சோறு, தலைக்குத் தண்ணீர், வேலைக்குக் கிளம்பு! நெஞ்சு படபடக்கிறதா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா — யார் கேட்கிறோம்? ஒரே வீட்டில் இருந்த நானே கேட்கவில்லையே.

இதை எழுதும்போது அவன் அடுத்த அறையில் படுத்திருக்கிறான். இருமினால் பயமாக இருக்கிறது. இருமாவிட்டால் அதைவிடப் பயம்... எழுந்து போய் அவன் சட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்தத் தேங்காய் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. வேண்டுதல் பாக்கி நிற்கிறதே என்று சரோஜா கலங்குகிறாள். நிற்கட்டும் அம்மா... மலை எங்கேயும் போய்விடாது. தம்பி போய்விடாமல் இருக்க வேண்டும்.